எண்ணெய் குடித்த பௌலிங் பந்தை வீட்டிலேயே மீட்பது: படிப்படியான முழுமையான வழிகாட்டி

அமெரிக்காவில் பெரும்பாலான லீக்குகள் செப்டம்பரை ஒட்டித் தொடங்குகின்றன. வாரத்துக்கு ஓர் இரவு, இரவுக்கு 3 கேம் என்று ஆடுபவரின் பந்து பிப்ரவரி வாக்கில் 60 கேம்களைத் தொட்டுவிடும். "பந்து ஓடும் பாதை முன்போல வளையவில்லை, பந்து செத்துவிட்டது" என்ற பேச்சு எங்கள் லீக்கில் எழுவதும் அந்தச் சமயத்தில்தான். அப்படிக் கைவிடப்பட்ட பந்துகளில் நான் கையில் வாங்கிப் பார்த்த பல, லேனில் (பந்து உருளும் பாதையில்) பூசப்படும் எண்ணெயை உள்ளுக்குள் குடித்திருந்தன, அவ்வளவுதான். ஒரு வாளி வெந்நீரும் சில நாள் பொறுமையும் இருந்தால் அவற்றை மீட்டுவிடலாம்.

ஆனால் இந்த வேலையில் படிகளின் வரிசை மிக முக்கியம். முதன்முறை செய்பவர்கள் நேராக வெந்நீரிலிருந்து தொடங்கி, அதற்கு முன்னும் பின்னும் செய்ய வேண்டியவற்றை விட்டுவிடுகிறார்கள். ஆகவே ஒவ்வொரு படியும் ஏன் அந்த இடத்தில் வருகிறது என்பதையும் சேர்த்தே எழுதியிருக்கிறேன்.

1. பந்தின் வகையை உறுதி செய்யுங்கள்

எண்ணெயைக் குடிப்பது ரியாக்டிவ் ரெசின் மேலோடு கொண்ட பந்து. அதன் மேற்பரப்பில் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் உள்ளன. லேனின் காய்ந்த பகுதியில் பந்து பிடிமானம் பெற்று வளைவதற்கு அந்தத் துளைகளே உதவுகின்றன. எண்ணெய் உள்ளே இறங்கும் வழியும் அவைதான். வளைவதற்காக வாங்கிய பந்து எண்ணெய் குடிப்பதைத் தடுக்கவே முடியாது என்பதால், அதை அவ்வப்போது வெளியேற்றுவதைப் பராமரிப்பின் ஒரு பகுதியாகவே கொள்ள வேண்டும்.

ஸ்பேர் எடுப்பதற்காக (முதல் வீச்சில் விழாமல் நிற்கும் பின்களை இரண்டாம் வீச்சில் வீழ்த்துவதற்காக) பலரும் வைத்திருக்கும் பாலியெஸ்டர் பந்து எண்ணெயை உறிஞ்சுவதில்லை. பௌலிங் மையங்களின் அடுக்குகளில் உள்ள பொதுப் பந்துகளும் பெரும்பாலும் அந்த வகையே. அவற்றைத் துணியால் துடைத்தாலே போதும். யூரிதேன் பந்து மிகக் குறைவாகவே உறிஞ்சும். அதற்குத் தேவைப்படுவது பெரும்பாலும் மேற்பரப்பைத் தேய்த்துப் புதுப்பிப்பதுதான். எனவே இந்த வழிகாட்டி முழுவதும் ரியாக்டிவ் ரெசின் பந்தைப் பற்றியது. உங்கள் பந்து எந்த வகை என்று தெரியாவிட்டால், அதன் மேல் பொறித்திருக்கும் பெயரைக் கொண்டு தயாரிப்பாளரின் தளத்தில் தேடுங்கள். மேலோட்டின் வகையும், தொழிற்சாலையில் அதற்கு என்ன தேய்ப்பு கொடுக்கப்பட்டது என்பதும் அங்கே இருக்கும். இரண்டையும் எழுதி வையுங்கள். இரண்டாவது விவரம் 10-ஆம் படியில் தேவைப்படும்.

2. காரணம் எண்ணெய்தானா என்று பாருங்கள்

பந்து வளையாமல் போவதற்கு எண்ணெய் ஒரு காரணம் மட்டுமே. நூற்றுக்கணக்கான முறை லேனில் உரசியதால் மேற்பரப்பு வழவழப்பாகிவிடுவது இன்னொரு காரணம். அதை எவ்வளவு வெந்நீரில் ஊற வைத்தாலும் சரியாகாது. மூன்றாவது காரணம், லேனில் எண்ணெய் இடப்படும் முறையே மாறியிருப்பது. பொதுவான லீக் ஆட்டத்தில் ஃபௌல் கோட்டிலிருந்து ஏறத்தாழ 40 அடிவரை எண்ணெய் பூசப்பட்டிருக்கும். பின்கள் இருக்கும் 60 அடி வரையிலான மிச்சப் பகுதி காய்ந்திருக்கும். எண்ணெய் இன்னும் சில அடிகள் நீண்டாலே நல்ல பந்தும் தாமதமாகத்தான் வளையும்.

எளிய சோதனை ஒன்று உண்டு. அறை வெப்பத்தில் இருக்கும் பந்தை நன்கு துடைத்துவிட்டு, உள்ளங்கை சூடு தாங்கும் அளவுக்கு மிதமான வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணியை, பந்து அதிகம் உருண்ட தடத்தின் மேல் 5 நிமிடம் போர்த்துங்கள். துணியை எடுத்து, ஈரத்தை ஒற்றி, மங்கலான காகிதத் துண்டால் அந்த இடத்தை அழுத்துங்கள். காகிதம் காய்ந்த பிறகும் வடை பொட்டலத்தில் தெரிவதுபோல ஒளி ஊடுருவும் கறை நின்றால், பந்து எண்ணெய் குடித்திருக்கிறது. கறையே இல்லையென்றால் 4, 5, 10 ஆகிய படிகளை மட்டும் செய்து பாருங்கள்; குளியல் தேவைப்படாது.

விரிசலையும் இப்போதே தேடுங்கள். இரு விரல் துளைகளுக்கும் நடுவே உள்ள குறுகிய பகுதியை நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். மயிரிழைக் கோடு தெரிந்து, அது நகத்தில் தட்டுப்பட்டால், அந்தப் பந்தைச் சூடாக்கவே கூடாது. பந்துக்கு உத்தரவாதக் காலம் முடியவில்லை என்றால், சூடு கொடுப்பது பற்றி உத்தரவாத நிபந்தனையில் என்ன எழுதியிருக்கிறது என்பதையும் தொடங்கும் முன் படித்துவிடுங்கள்.

3. முன்கூட்டியே எடுத்து வைக்க வேண்டியவை

பந்து சூடாக இருக்கும் சில நிமிடங்கள்தான் இந்த வேலையின் உயிர். அந்த நேரத்தில் துணியைத் தேடிக்கொண்டு நின்றால், வெளியே வந்த எண்ணெயில் ஒரு பங்கு மறுபடியும் உள்ளே போய்விடும். ஆகவே எல்லாவற்றையும் கைக்கெட்டும் இடத்தில் வைத்த பிறகே தண்ணீரைச் சுட வையுங்கள்.

ஹார்டுவேர் கடைகளில் கிடைக்கும் 5 கேலன் வாளி இதற்குப் பொருத்தமானது. பந்தின் விட்டம் ஏறத்தாழ 8.5 அங்குலம், வாளியின் உட்புறம் அதைவிடச் சற்றே அகலம். சமையலறை வெப்பமானி ஒன்று கட்டாயம் வேண்டும். கையை விட்டுப் பார்த்துச் சூட்டைக் கணிப்பவர்களே பந்தைக் கெடுக்கிறார்கள் என்பது என் அனுபவம். பழைய பெரிய குளியல் துண்டு ஒன்று, மைக்ரோஃபைபர் துணிகள் ஐந்தாறு, பாத்திரம் துலக்கும் திரவ சோப்பு, மருந்துக் கடையில் கிடைக்கும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால், வினைல் மின்கம்பி டேப், 500, 1000, 2000 எண்களில் அப்ரலான் தேய்ப்பு வட்டுகள் (எண் கூடக் கூடத் தேய்ப்பு நயமாகும்), பந்தை நிறுத்தி வைக்க ஒரு பந்துக் கிண்ணம், ரப்பர் கையுறை ஆகியவையும் தேவை. 4000 எண் வட்டு எல்லோருக்கும் தேவைப்படாது. சோப்பில் கைக்கு மென்மை தரும் கலவைகள் சேர்ந்தது வேண்டாம். அவை மேற்பரப்பில் படலமாகத் தங்கும்.

அசிட்டோன், தின்னர் போன்ற கரைப்பான்களைப் பட்டியலில் சேர்க்கவே வேண்டாம். அவை எண்ணெயோடு மேலோட்டையும் மென்மையாக்கும். 1973-இல் டான் மெக்யூன் என்ற பௌலிங் வீரர் கரைப்பானில் ஊற வைத்து மென்மையாக்கிய பந்துகளைக் கொண்டு தொழில்முறைப் போட்டிகளில் வென்றார்; அதைத் தொடர்ந்தே பந்துக்குக் குறைந்தபட்சக் கடினத்தன்மை விதி வந்தது. இன்று யு.எஸ்.பி.சி. (அமெரிக்க பௌலிங் காங்கிரஸ்) விதிகளின்படி, மேலோட்டை மென்மையாக்கும் பொருளால் பந்தைத் துடைக்க அனுமதியில்லை.

4. பந்தை அறை வெப்பத்துக்குக் கொண்டு வந்து மேல் அழுக்கைத் துடையுங்கள்

கார் டிக்கியிலோ கராஜிலோ கிடந்த பந்தை வீட்டுக்குள் கொண்டு வந்தவுடன் வேலையைத் தொடங்கக் கூடாது. ஓர் இரவு முழுக்க அறையில் இருக்கட்டும். பந்தின் மேலோடும் உள்ளே இருக்கும் கோரும் வெவ்வேறு பொருள்களால் ஆனவை. சூட்டில் இரண்டும் ஒரே அளவில் விரிவதில்லை. மேற்பகுதி வேகமாகச் சூடேறி உட்பகுதி குளிர்ந்தே இருந்தால், இழுவிசை முழுவதும் மேலோட்டின் மேல் விழுகிறது. மிச்சிகனில் ஒரு ஜனவரி இரவில், கராஜிலிருந்து எடுத்த பந்தை அப்படியே வெந்நீரில் இறக்கிய நண்பர் ஒருவரின் பந்தில், விரல் துளைகளுக்கு நடுவே விரிசல் விட்டதை நானே பார்த்தேன். அவர் தண்ணீரின் சூட்டைச் சரியாகத்தான் அளந்திருந்தார். பந்தின் குளிர்ச்சியைக் கணக்கில் எடுக்கவில்லை.

மறுநாள், ஆல்கஹால் நனைத்த துணியால் பந்து முழுவதையும் துடையுங்கள். லேனின் தூசி, பந்தைத் திருப்பி அனுப்பும் பெல்ட்டின் கறை, எண்ணெய்ப் பிசுக்கு எல்லாம் கலந்த கருமையான மேல் அழுக்கு இதில் வந்துவிடும். துணி கறுப்பாகாமல் வரும் வரை துணியைத் திருப்பித் திருப்பித் துடைக்க வேண்டும். இந்தப் படியை விட்டுவிட்டால், அடுத்த படியில் தேய்க்கும்போது அந்த அழுக்கை நுண்துளைகளுக்குள் நாமே அழுத்தித் திணித்தவர்களாவோம். ஆல்கஹால் எளிதில் தீப்பிடிக்கும். அடுப்புக்கு அருகில் செய்யாதீர்கள், சன்னலைத் திறந்து வையுங்கள்.

5. மேற்பரப்பைத் திறந்து விடுங்கள்

பலரும் விட்டுவிடும் படி இதுதான். பாலிஷ் போட்ட பந்தின் நுண்துளைகளை அந்தப் பாலிஷ் ஓரளவு அடைத்திருக்கும். பாலிஷ் இல்லாத பந்திலும், உருண்டு உருண்டு வழவழப்பான தடம் அதே வேலையைச் செய்யும். கதவு மூடியிருக்கும்போது வெளியே வரச் சொல்லி என்ன பயன்? ஒரே பந்தைத் தேய்க்காமல் ஒருமுறையும், சில மாதங்கள் கழித்துத் தேய்த்துவிட்டு ஒருமுறையும் குளிக்க வைத்துப் பார்த்தேன். இரண்டாவது முறை தண்ணீரில் மிதந்த எண்ணெய் கண்ணுக்குத் தெளிவாகவே கூடுதலாக இருந்தது. அதற்குப் பிறகு இந்தப் படியை நான் தவறவிட்டதில்லை.

பந்தைக் கிண்ணத்தில் வைத்து, 1000 எண் வட்டைத் தண்ணீரில் நனைத்து, மேற்பாதியை வட்டமாகத் தேயுங்கள். வட்டின் எடையும் கையின் எடையுமே போதும், அழுத்த வேண்டாம். அரை நிமிடம் ஆனதும் பந்தைக் கால் சுற்றுத் திருப்புங்கள். பக்கங்கள் நான்கு, மேலும் கீழும் இரண்டு என ஆறு நிலைகளிலும் ஒரே அளவு நேரம் தேய்க்க வேண்டும். ஒரு பக்கம் அதிகம் தேய்த்தால், பின்னர் பந்து உருளும்போது எந்தப் பக்கம் லேனைத் தொடுகிறதோ அதற்கேற்ப அதன் போக்கு மாறும். கண்ணாடி போன்ற பாலிஷ் இருந்தால் மட்டும் 500 எண்ணில் தொடங்கி 1000-க்கு வாருங்கள். உலர்ந்த நிலையில் ஒருபோதும் தேய்க்காதீர்கள். பறக்கும் ரெசின் தூள் நுரையீரலுக்கு நல்லதன்று.

தேய்த்து முடித்ததும் பந்தை வெதுவெதுப்பான தண்ணீரில் அலசி, தூள் முழுவதையும் துடைத்து எடுங்கள்.

6. துளைகளை மூடுங்கள்

விரல் துளைகளின் ஆழம் மேலோட்டின் தடிமனைத் தாண்டி உள்ளே போகிறது. துளைக்குள் தேங்கும் வெந்நீர், தண்ணீர் படவே கூடாத உட்பகுதியில் நேராகப் படுகிறது. துளைகளுக்குள் பொருத்திய விரல் உறைகளைப் பிடித்திருக்கும் பசையும் சூட்டில் இளகும். கழற்றி மாற்றக்கூடிய கட்டைவிரல் உறை இருந்தால் அதை முதலிலேயே கழற்றிவிடுங்கள். துளைக்குள் நீங்கள் ஒட்டிய டேப் துண்டுகள் நனைந்தால் வீண், அவற்றையும் எடுத்துவிடலாம்.

பிறகு துளைகளைச் சுற்றி இரண்டு அங்குல அகலத்துக்கு ஆல்கஹாலால் துடைத்து, நன்கு காய விட்டு, வினைல் டேப்பைக் குறுக்கும் நெடுக்குமாக ஒன்றன்மேல் ஒன்று ஏறும்படி ஒட்டுங்கள். டேப்பின் ஓரங்களை நகத்தால் அழுத்தித் தேய்க்க வேண்டும். எண்ணெய்ப் பிசுக்கின் மேல் எந்த டேப்பும் நிற்காது என்பதால்தான் 4-ஆம் படி முடியாமல் இந்தப் படிக்கு வரக்கூடாது. சாம்பல் நிறத் துணி டேப்பைச் சிலர் பயன்படுத்துகிறார்கள்; சூடு பட்டதும் அதன் பசை பந்தில் ஒட்டிக்கொண்டு, அதை எடுப்பது தனி வேலையாகிவிடும்.

7. வெந்நீர்க் குளியல்

எண்ணெய் சூட்டில் இளகி ஓடும்; சூடேறிய மேலோடும் அதை விடத் தயாராக இருக்கும். இங்கே செய்வது அவ்வளவே. ஆகவே இலக்கு, பந்துக்குத் தீங்கு வராத சூட்டை எல்லாப் பக்கமும் சீராகக் கொடுப்பது. நான் வைத்திருக்கும் வரம்பு 120 முதல் 130 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது 49 முதல் 54 டிகிரி செல்சியஸ். 140 டிகிரி ஃபாரன்ஹீட்டை, அதாவது 60 செல்சியஸை, எந்தக் காரணத்துக்காகவும் தொடுவதில்லை. அந்தச் சூட்டில் பந்துக்கு ஆபத்து இருப்பதோடு, சில நொடிகளில் தோலும் வெந்துவிடும். அமெரிக்க வீடுகளில் வெந்நீர்க் கொதிகலனை 120 டிகிரியில் வைக்கும்படிதான் அறிவுறுத்தப்படுகிறது. உங்கள் வீட்டில் அப்படி இருந்தால் குழாய்த் தண்ணீரே போதும். அடுப்பில் கொதிக்க வைத்த தண்ணீரைப் பந்து இருக்கும் வாளியில் ஒருபோதும் ஊற்றாதீர்கள்.

வாளியின் அடியில் குளியல் துண்டை விரித்து, அதன் இரு முனைகளும் வாளிக்கு வெளியே தொங்கும்படி விடுங்கள். பந்து அடியில் மோதாமல் துண்டு காக்கும். பிறகு அதே துண்டு தூளி போல நின்று பந்தைத் தூக்க உதவும். சோப்பு நீரில் ஊறிய 15 பவுண்டு பந்தை, துளைகள் மூடிய நிலையில், வெறுங்கையால் தூக்குவது ஏறக்குறைய முடியாத காரியம். காலில் விழுந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

பந்தை முதலில் 100 டிகிரி ஃபாரன்ஹீட் அளவிலான வெதுவெதுப்பான தண்ணீரில் 10 நிமிடம் வையுங்கள். இது உள்ளே இருக்கும் கோருக்கும் கொஞ்சம் சூடு சேர்வதற்கான அவகாசம். பிறகு அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, 125 டிகிரியில் புதிய தண்ணீரை நிரப்புங்கள். வாளியை முதலில் முழுக்க நிரப்பிவிட்டுப் பந்தை இறக்காதீர்கள். பந்து 5 லிட்டருக்கும் மேலான தண்ணீரை ஒதுக்கும், அவ்வளவும் தரையில் வழியும். பந்து உள்ளே இருக்கும்போது அதை மூட 10 அல்லது 11 லிட்டர் தண்ணீர் போதும்.

சோப்பை ஓரிரு தேக்கரண்டி மட்டும் விட்டு, நுரை எழாமல் மெதுவாகக் கலக்குங்கள். சோப்பு எதற்கென்றால், பந்திலிருந்து வெளியேறும் எண்ணெய் தண்ணீரின் மேல் படலமாக மிதக்கும். பந்தைத் தூக்கும்போது அந்தப் படலத்தின் ஊடாகத்தான் தூக்கியாக வேண்டும். சோப்பு இல்லாவிட்டால், வெளியே வந்த எண்ணெய் சூடான, நுண்துளைகள் திறந்த பந்தின் மேல் மறுபடியும் அப்பிக்கொள்ளும். சோப்பு எண்ணெயைச் சிறு துளிகளாக உடைத்துத் தண்ணீரிலேயே பிடித்து வைக்கிறது. சோப்பு கூடினால் பயன் கூடாது. அலசும் வேலைதான் கூடும்.

20 நிமிடம் அப்படியே விடுங்கள். வாளியின் மேல் மூடியோ பழைய துணியோ இருந்தால் சூடு நிற்கும். பந்து தன் குளிர்ச்சியால் தண்ணீரின் சூட்டை இழுப்பதால் முதல் குளியலில் வெப்பம் சட்டென்று இறங்கும். 110 டிகிரிக்குக் கீழே போனால் ஒரு பகுதியை முகந்து ஊற்றிவிட்டு, பந்தின் மேல் நேராக விழாதபடி வாளியின் ஓரமாக வெந்நீர் சேருங்கள். 30 நிமிடத்துக்கு மேல் வைப்பதால் எனக்கு எந்தப் பலனும் தெரிந்ததில்லை. ஒரே நீண்ட குளியலைவிடப் புதிய தண்ணீரில் இரண்டு மூன்று குறுகிய குளியல்கள் நல்லவை.

எடை குறைந்த பந்து வைத்திருப்பவர்களுக்கு ஒரு குறிப்பு. பௌலிங் பந்துகள் எல்லாம் ஏறத்தாழ ஒரே விட்டம் கொண்டவை, எடையில்தான் வேறுபடுகின்றன. அந்த விட்டமுள்ள உருண்டை ஒதுக்கும் தண்ணீரின் எடை சுமார் 12 பவுண்டு. ஆகவே 10, 11 பவுண்டு பந்துகள் மிதக்கும், மேற்பகுதி காற்றில் நின்று குளிரும். அப்படியானால் 5 நிமிடத்துக்கு ஒருமுறை பந்தைத் திருப்புங்கள். அல்லது வெளியே தொங்கும் துண்டின் முனைகளைப் பந்தின் மேல் மடித்துப் போட்டு நனைத்து வையுங்கள்.

8. எடுத்த உடனே துடையுங்கள், பிறகு மீண்டும் குளிக்க விடுங்கள்

துண்டின் இரு முனைகளையும் பிடித்துத் தூக்கி, பந்தைக் கிண்ணத்தில் வைத்து, அதே சூட்டிலுள்ள சுத்தமான தண்ணீரை ஒரு குவளை ஊற்றி சோப்பை அலசி, மைக்ரோஃபைபர் துணியால் உடனே துடையுங்கள். ஓரிரு நிமிடம் பொறுத்துப் பாருங்கள். எண்ணெய் நிறையக் குடித்த பந்தாக இருந்தால், வியர்த்ததுபோல மெல்லிய பிசுக்கு மறுபடியும் மேலே வரும். அதையும் துடைக்க வேண்டும். பந்து கைக்கு வெதுவெதுப்பாக இருக்கும் வரை இந்தத் துடைப்பு தொடரட்டும். ஒரு துணி நனைந்துவிட்டால் அடுத்த துணியை எடுங்கள். எண்ணெய் ஊறிய துணியால் துடைப்பது, எடுத்ததைத் திருப்பிக் கொடுப்பது போலாகும்.

வாளியில் எண்ணெய்ப் படலம் தெரிந்ததா என்பதைப் பார்த்துவிட்டுத் தண்ணீரைக் கொட்டுங்கள். டேப்பின் ஓரம் எழும்பியிருந்தால் அதைப் பிரித்து, துளையைத் துணியால் உலர்த்தி, புதிதாக ஒட்டுங்கள். பிறகு 7-ஆம் படியை மீண்டும் செய்யுங்கள். 50, 60 கேம் ஆடிய பந்துக்குப் பெரும்பாலும் மூன்று குளியல் போதுமானது. ஆண்டுக் கணக்கில் கவனிக்கப்படாத பந்துக்கு ஐந்துகூடத் தேவைப்படலாம். அவற்றை ஒரே மாலையில் முடிக்க நினைக்காமல் இரண்டு நாள்களாகப் பிரித்துக்கொள்ளுங்கள். தண்ணீரின் மேல் படலம் இல்லாமலும், துடைத்த துணியில் வழுக்கல் இல்லாமலும் வந்தால் அதுவே கடைசிக் குளியல்.

9. தானாக ஆறட்டும்

கடைசிக் குளியலுக்குப் பிறகு, பந்து சூடாக இருக்கும்போதே டேப்பைப் பிரித்துவிடுங்கள். ஆறிய பிறகு பசை இறுகிவிடும். துளைகளுக்குள் துணியைச் சுருட்டி விட்டு ஈரத்தை எடுங்கள். பின் பந்தை அறையில் ஒரு நாள் முழுக்க விட்டுவிடுங்கள். குளிர்ந்த தண்ணீரில் காட்டுவது, சன்னலோரக் குளிர்காற்றில் வைப்பது, ஏசியின் நேர் எதிரே வைப்பது எல்லாம் 4-ஆம் படியில் தவிர்த்த அதே ஆபத்தைத் தலைகீழாகக் கொண்டுவரும்: மேலோடு சட்டென்று சுருங்கும், உள்ளே இருப்பது சுருங்காது. மறுநாள் காலையில் தடத்தின் மேல் மெல்லிய பிசுக்கு தெரியலாம். ஆழத்தில் இருந்த எண்ணெய் மெதுவாக மேலே வந்திருக்கிறது என்று பொருள். ஆல்கஹாலால் துடைத்தால் போதும்.

விரல் உறைகள் அசைகின்றனவா என்று விரலை விட்டுத் திருகிப் பாருங்கள். லேசாக ஆடினாலும் ப்ரோ ஷாப்பில் (பௌலிங் பந்துகளைச் சரிசெய்து தரும் கடையில்) கொடுத்து மறுபடி ஒட்டிய பிறகே ஆட வேண்டும்.

10. மேற்பரப்பை மீண்டும் அமையுங்கள்

எண்ணெய் வெளியேறியதோடு வேலை முடிந்துவிட்டது என்று நினைப்பதுதான் புதியவர்களின் பெரிய தவறு. 5-ஆம் படியில் நாம் பந்தை 1000 எண்ணில் தேய்த்திருக்கிறோம். இப்போது அது தொழிற்சாலையிலிருந்து வந்த நிலையில் இல்லை. அப்படியே லேனுக்குக் கொண்டுபோனால், பந்து முன்னதாகவே பிடிமானம் பெற்று, பின்களை அடையும்போது வேகம் இழந்திருக்கும். "எண்ணெய் எடுத்ததால் பந்து கெட்டுவிட்டது" என்று சிலர் சொல்வது இந்த நிலையைத்தான்.

1-ஆம் படியில் எழுதி வைத்த தேய்ப்பு எண்ணைப் பாருங்கள். அது 2000 என்றால், 2000 எண் வட்டால் முன்பு செய்ததுபோல ஆறு நிலைகளிலும் ஈரமாகத் தேய்த்து முடியுங்கள். 4000 என்றால் 2000-த்தை விட்டுவிடாமல் அதன் வழியாகவே 4000-க்குப் போக வேண்டும். ஒவ்வொரு எண்ணும் முந்தைய எண்ணின் கீறல்களை அழிப்பதற்கானது. பாலிஷ் போட்டு வந்த பந்து என்றால், அதற்கு அடியில் குறிப்பிட்டுள்ள எண் வரை தேய்த்துவிட்டு, பாலிஷை மட்டும் ப்ரோ ஷாப்பில் சுழலும் இயந்திரத்தில் போட்டுக்கொள்வதே நல்லது. கையால் போட்ட பாலிஷ் சீராக அமைந்து நான் பார்த்தது அரிது.

11. தவிர்க்க வேண்டிய குறுக்கு வழிகள்

சமையல் அவனில் வைப்பது எல்லாவற்றிலும் மோசமானது. அமெரிக்க வீட்டு அவன்களின் மிகக் குறைந்த அமைப்பே பெரும்பாலும் 170 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது 77 டிகிரி செல்சியஸ். அதோடு, சூடாக்கும் கம்பி எரிந்து அணையும்போது உள்ளே வெப்பம் அதற்கு மேலும் கீழும் ஆடும். பாத்திரம் கழுவும் இயந்திரத்திலும் இதே சிக்கல் உண்டு. உலர்த்தும் கட்டத்தில் எவ்வளவு சூடு ஏறுகிறது என்பது நம் கையில் இல்லை. முடி உலர்த்தும் கருவி ஓர் இடத்தை மட்டும் சுட்டு மற்ற இடத்தைக் குளிரவிடுகிறது. கோடை வெயிலில் காருக்குள் வைப்பதும் அப்படியே. ஒரு பக்கம் வெயில், மறுபக்கம் நிழல்.

பூனை மண்ணில் பந்தைப் புதைத்து வைக்கும் முறை ஆபத்தில்லாதது. ஆனால் சூடு இல்லாமல் அது மேற்பரப்பின் எண்ணெயை மட்டுமே இழுக்கும், அதைத் துணியே செய்துவிடும்.

வெந்நீருக்கு மாற்றாக நான் ஒப்புக்கொள்வது, வெப்பத்தை எண்ணில் அமைக்கக்கூடிய, விசிறியுள்ள உணவு உலர்த்தும் கருவி. அதன் தட்டுகளை எடுத்துவிட்டு, மேலே வாளியைக் கவிழ்த்து, 125 டிகிரி ஃபாரன்ஹீட்டில் 20 நிமிடத்துக்கு ஒருமுறை பந்தைத் திருப்பித் துடைக்கிறார்கள். தண்ணீர் படாததால் துளைகளை மூட வேண்டியதில்லை. பந்து ஓரிடத்தில் நிற்கும் புள்ளியில் சூடு வேறாகப் படும் என்பதால் திருப்புவதை மறக்கக் கூடாது. ஆல்கஹாலால் துடைத்த பந்தை முழுவதும் காய்ந்த பிறகே அதில் வைக்க வேண்டும். அந்தக் கருவியில் அதற்குப் பிறகு உணவை உலர்த்தக் கூடாது.

12. எண்ணெய் மறுபடி இறங்குவதைத் தாமதப்படுத்துங்கள்

ஒவ்வொரு வீச்சுக்குப் பிறகும், பந்து திரும்பி வந்தவுடன் உலர்ந்த மைக்ரோஃபைபர் துணியால் தடத்தைத் துடையுங்கள். பந்தின் மேல் தெரியும் எண்ணெய் வளையங்கள் அடுத்த வீச்சு வரை நின்றாலே ஒரு பங்கு உள்ளே போய்விடும். யு.எஸ்.பி.சி. விதிப்படி 2019 ஆகஸ்ட் 1 முதல் போட்டி நடக்கும்போது உலர்ந்த துணியை மட்டுமே பயன்படுத்தலாம். திரவம் எதுவும் கூடாது. கடைசி வீச்சு முடிந்து போட்டி நிறைவடைந்ததும், காலணியைக் கழற்றுவதற்கு முன்பே ஆல்கஹாலோ அனுமதிக்கப்பட்ட துப்புரவுத் திரவமோ கொண்டு பந்தைத் துடைத்துவிடுங்கள். வீட்டுக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று பையில் போட்டால், அந்த ஒரு மணி நேரத்தில் எண்ணெய் இறங்கிவிடும். இதை விடாமல் செய்பவரின் பந்துக்கு நான் 60 கேமுக்கு ஒருமுறையும், செய்யாதவரின் பந்துக்கு 40 கேமுக்கு ஒருமுறையும் குளியல் போடுகிறேன்.

13. லேனில் சோதித்துப் பாருங்கள்

முதல் சோதனையை லீக் இரவில் வைக்காமல் பயிற்சி நாளில் வையுங்கள். முன்பு நின்ற அதே தரைப்பலகையில் நின்று, லேனில் உள்ள அதே அம்புக்குறியை நோக்கி, பத்து வீச்சு போடுங்கள். பந்து முன்பைவிடச் சற்று முன்னதாகவும் வலுவாகவும் திரும்பினால் வேலை சரியாக நடந்திருக்கிறது. நீங்கள் நிற்கும் இடத்தை ஓரிரு பலகை நகர்த்திக்கொள்ள வேண்டியிருக்கும். முதல் சில வீச்சுகளில் தடம் வழக்கத்தைவிட ஈரமாகத் தெரிந்தால் பதற வேண்டாம். திறந்த மேற்பரப்பு எண்ணெயை அதிகமாகப் பிடிக்கிறது, துடைத்துக்கொண்டே ஆடுங்கள்.

எந்த மாற்றமும் இல்லையென்றால் மறுபடி வெந்நீரில் இறக்காதீர்கள். தண்ணீர் தெளிவாக வந்த பிறகும் பந்து வளையவில்லை என்றால் குறை மேற்பரப்பில் இருக்கிறது. கையால் தேய்த்தது தடத்தின் ஆழமான தேய்மானத்தை எட்டவில்லை. ப்ரோ ஷாப்பில் இயந்திரத்தில் ஏற்றி, 500-இலிருந்து தொடங்கி முழு மேற்பரப்பையும் புதுப்பித்துத் தரும்படி கேளுங்கள். எண்ணெயை வெளியேற்றியாகிவிட்டது என்பதையும், எத்தனை கேம் ஆடிய பந்து என்பதையும் அவர்களிடம் சொல்லிவிடுங்கள். அவர்கள் இயந்திரச் சூட்டில் இன்னொரு முறை வைப்பதற்கான செலவு உங்களுக்கு மிஞ்சும்.